ஜாங்கோ 1.0 வர ஏன் மூன்று வருடம் ஆனது? 0.x-ல் இருக்கிற ஃப்ரேம்வொர்க்கை நம்பி இறங்கலாமா?

புது_டெவ் (கேள்வி):

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் டீமில் ஒரு வாக்குவாதம் ஓய்வதாக இல்லை, அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் விளக்கினால் நன்றாக இருக்கும்.

ஒரு சின்னப் பதிப்பகத்துக்குப் புத்தக விற்பனைத் தளம் செய்கிறோம். பட்டியல், தேடல், ஆர்டர், அவர்களே புத்தக விவரம் ஏற்றிக்கொள்ள ஒரு அட்மின் பக்கம், அவ்வளவுதான். எங்கள் லீட் ஒரு புது ஃப்ரேம்வொர்க்கை (தளம் கட்டத் தேவையான அடிப்படைக் கோட் தொகுப்பை) எடுக்கலாம் என்கிறார். அது இன்னும் 0.x-தான், அதாவது 1.0 என்ற முதல் முழு வெர்ஷனை எட்டவில்லை, ஆனால் 1.0 சீக்கிரம் வந்துவிடும் என்று அறிவித்திருக்கிறார்கள். நான் தயங்கினால் அவர் பைத்தான் மொழி ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோவையே உதாரணம் காட்டுகிறார். ஜாங்கோ 2005-ல் வெளியே வந்தது, 1.0 ஆனது 2008-ல்தான், அதற்குள்ளேயே வாஷிங்டன் போஸ்ட் தளத்தில் அமெரிக்க காங்கிரஸ் ஓட்டுப் பதிவுகளை அதை வைத்துப் போட்டுவிட்டார்கள், அதனால் 1.0 என்பது வெறும் எண் என்கிறார்.

எனக்கு இரண்டு சந்தேகம். ஒன்று, வெறும் எண்தான் என்றால் ஏன் மூன்று வருடம் பிடித்தது? அந்த மூன்று வருடம் என்னதான் செய்தார்கள்? இரண்டாவது, அந்தக் காலத்தில் அதை நம்பித் தளம் நடத்தியவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? அப்போது ஜாங்கோ பயன்படுத்தியவர்கள் இங்கே யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

சேரன்மாதேவி:

தம்பி, உங்கள் லீட் சொல்கிற தகவல் சரி, அதிலிருந்து அவர் எடுக்கிற முடிவு சரியில்லை. 0.96 காலத்திலிருந்து ஜாங்கோவில் வேலை செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஜாங்கோ பிறந்தது ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில். கான்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊர், லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்டு பத்திரிகை. 2003-ல் ஏட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் தொடங்கினார்கள், பிறகு ஜேக்கப் கப்லான்-மாஸ் சேர்ந்தார். மதியம் கேட்டால் சாயங்காலம் பக்கம் தயாராக இருக்க வேண்டும் என்ற நெருக்கடியில் எழுதிய கோட். அட்மின் பக்கம் தானாக வந்து நிற்பதன் காரணமும் அதுதான், செய்தியாளர்களே உட்கார்ந்து தகவல் ஏற்ற வேண்டியிருந்தது. 2005 ஜூலையில் அதை ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டார்கள்.

ஒரு அலுவலகத்துக்குள் ஓடுகிற கோட் வேறு, உலகத்தில் யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் எடுத்து ஓட்டுகிற கோட் வேறு. வெளியே வந்த பிறகுதான் அதன் மூலை முடுக்கெல்லாம் தெரிய ஆரம்பித்தது. முதல் வெர்ஷன்களில் நீங்கள் எழுதிய மாடல் (டேட்டாபேஸ் அட்டவணையை விவரிக்கிற கிளாஸ்), ஜாங்கோவின் சொந்த மாட்யூல் பெயருக்குக் கீழே மாயமாக முளைக்கும், அங்கிருந்துதான் இம்போர்ட் செய்ய வேண்டும். எழுதியவனுக்கே அது எங்கிருந்து வருகிறது என்று பிடிபடாது. இதையெல்லாம் பிடுங்கி எறிவதற்கென்றே ஒரு பிராஞ்ச் (கோடின் தனிக் கிளை) போட்டார்கள், அதற்கு வைத்த பெயரே மேஜிக்-ரிமூவல். 2006 ஜூலையில் வந்த 0.95-ல்தான் டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்க இன்று நாம் எழுதுகிற மாதிரி ஆப்ஜெக்ட்ஸ், ஃபில்டர் என்று எழுத முடிந்தது. அதற்கு முன் எழுதின தளம் அத்தனையையும் கை வைத்து மாற்ற வேண்டியிருந்தது.

2007 மார்ச்சில் 0.96. அப்புறம் 1.0 வரை ஒன்றரை வருடம் புதிய வெர்ஷனே இல்லை. நீங்கள் கேட்ட மூன்று வருடத்தில் உண்மையான கதை இந்த ஒன்றரை வருடம்தான்.

0.96-ல் ஃபார்ம் எழுத இரண்டு லைப்ரரி இருந்தது, பழையது ஒன்று, நியூஃபார்ம்ஸ் என்று புதியது ஒன்று. ஆனால் அட்மின் பழையதன் மேல்தான் நின்றது. அந்த அட்மினை அமைக்க வேண்டுமென்றால் மாடலுக்குள்ளேயே அட்மின் என்று ஒரு உள் கிளாஸ் எழுத வேண்டும், ஒரு மாடலுக்குள் இன்னொன்றைக் காட்ட, இரண்டையும் இணைக்கிற ஃபாரின் கீயிலேயே எடிட் இன்லைன் என்றெல்லாம் போட வேண்டும். டேட்டாபேஸ் எப்படி இருக்கிறது என்பதும் திரையில் எப்படித் தெரிகிறது என்பதும் ஒரே இடத்தில் கலந்து கிடந்தது. இதை அப்படியே வைத்து 1.0 என்று முத்திரை குத்தியிருந்தால் அந்தக் கலப்படத்தை வருடக்கணக்கில் சுமந்திருப்பார்கள். அதனால்தான் அட்மினை நியூஃபார்ம்ஸ் மேல் திருப்பிக் கட்டி முடிக்கும் வரை காத்திருந்தார்கள். 2008 ஜூலையில்தான் அது ட்ரங்க்குக்குள், அதாவது இன்னும் வெளியிடாத முதன்மைக் கோடுக்குள், வந்தது.

டேட்டாபேஸ் வினவலை உருவாக்குகிற பகுதியை மால்கம் ட்ரெடினிக் என்ற ஆஸ்திரேலியக்காரர் ஏறத்தாழ முழுக்கத் திருப்பி எழுதினார், 2008 ஏப்ரலில் இணைந்தது. மாடல் இன்ஹெரிட்டன்ஸ் (ஒரு மாடலிலிருந்து இன்னொன்றை வருவிப்பது) சாத்தியமானது அதனால்தான். 2013-ல் இறந்துவிட்டார், அவர் நினைவாக ஜாங்கோ அறக்கட்டளை ஒரு விருது வைத்திருக்கிறது. நாம் இன்று சாதாரணமாக எழுதுகிற ஒவ்வொரு ஃபில்டருக்குப் பின்னாலும் அவர் உழைப்பு இருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லக் கூடாது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது டெம்ப்ளேட் (பக்கத்தின் வார்ப்பு) விஷயம். 0.96-ல் டெம்ப்ளேட்டில் ஒரு மாறியைப் போட்டால் அது அப்படியே பக்கத்தில் இறங்கும். யாராவது கமெண்ட் பெட்டியில் ஸ்கிரிப்ட் எழுதிவிட்டால் அதுவும் ஓடும். தடுக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு மாறிக்குப் பின்னாலும் எஸ்கேப் (குறிகளை ஓடாத வெறும் எழுத்தாக மாற்று) என்று நீங்கள்தான் எழுத வேண்டும், ஒரு இடத்தில் விட்டாலும் ஓட்டை. 1.0-ல் இது தலைகீழானது. தானாக எஸ்கேப் ஆகும், வேண்டாம் என்றால்தான் சேஃப் என்று சொல்ல வேண்டும். இருந்த அத்தனை தளத்தின் டெம்ப்ளேட்டையும் பாதிக்கிற மாற்றம் இது. பழைய கோட் உடையாது என்று வாக்குக் கொடுத்த பிறகு இப்படி ஒன்றைச் செய்வது ரொம்பக் கஷ்டம். வாக்குக் கொடுப்பதற்கு முன்பே செய்தார்கள், அதன் பலனை இன்று வரை ஒவ்வொரு ஜாங்கோ தளமும் அனுபவிக்கிறது.

1.0 என்பது அந்த வாக்குதான். ஏபிஐ, அதாவது நம் கோட் ஜாங்கோவைக் கூப்பிடுகிற முறை, இனி திடீரென்று மாறாது, ஒன்றை நீக்க வேண்டுமென்றால் இரண்டு வெளியீடு எச்சரிக்கை கொடுத்துவிட்டு மூன்றாவதில்தான் நீக்குவோம் என்று எழுதியே வைத்தார்கள். 2008 செப்டம்பர் 3 அன்று அது வந்தபோது வெளியீட்டுக் குறிப்பில் ஒரு கணக்குக் கொடுத்திருந்தார்கள்: 0.96-க்குப் பிறகு 4,000-க்கு மேல் கமிட் (பதிவான கோட் மாற்றம்), 2,000-க்கு மேல் பக் சரிசெய்தது, சேர்த்தது நீக்கியது மாற்றியது எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 3,50,000 வரிகள், அதோடு புதிதாக 40,000 வரி ஆவணம். வெறும் எண்ணுக்காக யாரும் இவ்வளவு உழைக்க மாட்டார்கள்.

---

நள்ளிரவு_டிப்ளாய்:

மேலே அண்ணன் எழுதியதில் தகவல் எல்லாம் சரி, ஆனால் காத்திருந்தது முழுக்க நல்லதுக்கே என்பது போலத் தொனிக்கிறது, அங்கே நான் மாறுபடுகிறேன். அந்த ஒன்றரை வருடத்தின் விலையைக் கொடுத்தவர்கள் பயனர்கள்.

அப்போது நான் வேலை பார்த்த இடத்தில் வாடிக்கையாளர் ஒருவர் அதிகாரப்பூர்வ வெர்ஷன் மட்டும்தான் சர்வரில் ஏற்ற வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார். அதாவது 0.96. ஆனால் மெயிலிங் லிஸ்டில் எந்தக் கேள்வி கேட்டாலும் ட்ரங்க் எடுத்துக்கொள், அதில் சரியாகிவிட்டது என்றுதான் பதில். புதிதாக வருகிற நல்ல ஆப்கள் எல்லாம் ட்ரங்க்குக்கு எழுதப்பட்டவை, 0.96-ல் ஓடாது. ட்ரங்க் எடுத்தவர்களுக்கோ வேறு தலைவலி, சப்வெர்ஷனில் (கோட் மாற்றங்களைச் சேமிக்கிற கருவி) அப்டேட் கொடுத்த மறுநாள் தளம் நின்றுவிடும். அதனால் எல்லாரும் தங்களுக்கு ஒத்துப்போன ஒரு ரிவிஷன் எண்ணைப் பிடித்துக்கொண்டு அதிலேயே உட்கார்ந்திருந்தார்கள், இரண்டு பேர் பேசிக்கொண்டால் நீ எந்த ரிவிஷன் என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். 2008-ல் கூகுள் ஆப் எஞ்சின் (கூகுள் சர்வரில் தளம் ஓட்டுகிற சேவை) வந்தபோதுகூட அதில் இருந்தது 0.96, ஊரே ட்ரங்க்கில் இருந்த நேரத்தில்.

இன்னொன்று, காத்திருந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டார்கள் என்பதும் இல்லை. பயனர் கணக்குகளைக் கையாளுகிற ஆத் ஆப்பில் யூசர்நேம் 30 எழுத்துதான் இருக்கலாம் என்று ஒரு வரம்பு இருந்தது நினைவிருக்கிறதா? மின்னஞ்சலையே யூசர்நேமாக வைக்க நினைத்தவர்கள் எல்லாரும் அதில் முட்டிக்கொண்டார்கள். அது அப்படியே 1.0-க்குள் உறைந்தது. அதன் பிறகு மாற்றினால் இருக்கிற தளங்களின் டேபிள் எல்லாம் மாற வேண்டும், அதைச் செய்து தருகிற மைக்ரேஷன் வசதியோ அப்போது ஜாங்கோவுக்குள் இல்லை. கடைசியில் 150 ஆக்கியது 2016-ல் வந்த 1.10-ல். எட்டு வருடம்! வாக்குக் கொடுப்பதில் இந்தப் பக்கமும் உண்டு. சரியானதைக் காப்பாற்றுகிற அதே வாக்குதான் தவறானதையும் சேர்த்துக் காப்பாற்றுகிறது.

இதற்காக 1.0 வேண்டாம் என்று சொல்லவில்லை. 2007-ன் கடைசியிலேயே ஒரு 0.97 விட்டிருந்தால் எவ்வளவோ பேருக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்பது என் கருத்து, இன்றும் அதில் மாற்றமில்லை. அப்போது ட்ரங்க்குக்கு 0.97 ப்ரீ என்று பெயர் இருந்தது, அந்த எண்ணில் ஒரு வெர்ஷன் கடைசி வரை வரவே இல்லை.

---

சேரன்மாதேவி:

30 எழுத்து விஷயம் சத்தியமான பேச்சு, அதில் நானும் நிறைய அவதிப்பட்டிருக்கிறேன். 0.97 பற்றி எனக்கு இன்னும் ஒப்புதல் இல்லை, ஏனென்றால் அதை விட்டிருந்தால் பாதி மாறிய அட்மினுக்கும் ஆதரவு கொடுக்க வேண்டியிருந்திருக்கும், வேலை செய்தவர்கள் கொஞ்சம் பேர்தான், பெரும்பாலும் சொந்த நேரத்தில்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 2008 கோடையில் ஒரு தேதிப் பட்டியல் போட்டார்கள். எது இல்லாமல் வெளியிடவே முடியாது, எது முடிந்தால் சேர்க்கலாம், எது கண்டிப்பாக இல்லை என்று பிரித்தார்கள். ஜூலையில் ஆல்ஃபா, ஆகஸ்டில் பீட்டா, செப்டம்பர் தொடக்கத்தில் இறுதி. கூகுள் வளாகத்தில் முதல் ஜாங்கோகான் மாநாட்டைச் செப்டம்பர் 6, 7 தேதிகளில் வைத்திருந்தார்கள், அதற்கு முன் முடித்தாக வேண்டும். பட்டியல் வந்த பிறகு சில மாதத்தில் முடிந்துவிட்டது, அதற்கு முன் பட்டியல் இல்லாமல் ஒரு வருடம் இழுத்தது. நீங்கள் கோபப்பட வேண்டியது இதற்குத்தான், நான் மறுக்க மாட்டேன்.

---

எழுத்துரு:

தமிழ்ப் பதிப்பகத்தின் தளம் என்பதால் இதைச் சொல்லியாக வேண்டும். 1.0-க்கு முன் நடந்ததில் நமக்கு மிகப் பெரிய மாற்றம் யூனிகோட் பிராஞ்ச். 2007 ஜூலையில் இணைந்தது, அதுவும் மால்கம் வேலைதான்.

அதற்கு முன் உள்ளே எல்லாம் பைட் சரம், அதாவது எழுத்தாக இல்லாமல் பைட்டுகளின் வரிசையாகவே இருந்தது. யூடிஎஃப்-8-ல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் பிடிக்கும். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடு, ஆக அதன் நீளம் என்ன என்று கேட்டால் 15 என்று வரும். முதல் பத்து எழுத்து மட்டும் காட்டு என்றால் நடு எழுத்தில் வெட்டிக் கேள்விக்குறியும் கட்டமும் காட்டும். யூனிகோட் சரத்துக்கு மாறிய பிறகுதான் தலைப்புகளைச் சுருக்கிக் காட்டுவது மாதிரியான அற்ப வேலைகூடப் பிழையில்லாமல் முடிந்தது. இதற்காகப் பழைய மாடல்களில் ஸ்டர் என்று இருந்த மெத்தடை எல்லாம் யூனிகோட் என்று மாற்ற வேண்டியிருந்தது, நம்மைப் பொறுத்தவரை அந்த வேலைக்கு நூறு மடங்கு பலன் கிடைத்தது.

ஆனால் எல்லாம் முடிந்துவிடவில்லை, நீங்கள் ஜாங்கோவே எடுத்தாலும் இதில் மாட்டுவீர்கள். புத்தகத் தலைப்பை வைத்து முகவரி உருவாக்க ஸ்லக்கிஃபை என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. சும்மா கூப்பிட்டால் தமிழ் எழுத்து அத்தனையும் போய் ஒன்றுமில்லாத வெற்றுச் சரம்தான் மிஞ்சும். 1.9-லிருந்து யூனிகோட் அனுமதி என்று ஒரு விருப்பம் கொடுத்தார்கள், அதைப் போட்டாலும் 'தமிழ்' என்பது 'தமழ' என்று வரும். பைத்தானின் ரெகெக்ஸ் (எழுத்து வடிவங்களைத் தேடுகிற கருவி) உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக எண்ணுவதில்லை, நீக்கிவிடுகிறது. 'கல்', 'கால்', 'கோல்' என்று மூன்று புத்தகம் இருந்தால் மூன்றுக்கும் ஒரே முகவரி, 'கல'. இதற்குச் சொந்தமாக ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதிக்கொள்ளுங்கள், குறிகளை விட்டுவைக்கிற மாதிரி. உங்கள் லீட் சொல்கிற புது ஃப்ரேம்வொர்க்கிலும் முதல் நாளே இதைச் சோதித்துப் பாருங்கள், தமிழுக்கு அது எவ்வளவு தூரம் தயார் என்று அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

---

புது_டெவ்:

இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு நன்றி. ஸ்லக்கிஃபை இப்போதே ஓட்டிப் பார்த்தேன், அப்படியே 'தமழ' என்றுதான் வருகிறது.

ஒரு கேள்வி மிச்சம். மற்ற ஃப்ரேம்வொர்க்குகளும் இப்படித்தானா? ஏனென்றால் ஃபாஸ்ட்ஏபிஐ இன்னும் 0.x-தான், ஆனால் எல்லாரும் பயன்படுத்துகிறார்களே.

---

நள்ளிரவு_டிப்ளாய்:

ஒவ்வொன்றும் ஒரு விதம். ரெயில்ஸ் 2004-ல் வெளிவந்து 2005 டிசம்பரிலேயே 1.0 ஆனது, ஜாங்கோவில் பாதி நேரம்கூட இல்லை. ஆனால் 2010-ல் 3.0 வந்தபோது உள்ளே நிறைய மாறி, மேம்படுத்துவது பல டீம்களுக்கு மாதக்கணக்கில் நீண்டது. ஃப்ளாஸ்க் 2010-ல் தொடங்கி 2018-ல்தான் 1.0, அதற்கு வெகு காலம் முன்பே அது கல் மாதிரி நிலையாக இருந்தது, எண் மட்டும்தான் பின்தங்கியது. ஆங்குலர்ஜேஎஸ் இதற்கு நேர் எதிர். 2012-ல் 1.0 சொன்னார்கள், 2016-ல் வந்த இரண்டாவது வெர்ஷன் கிட்டத்தட்ட வேறொரு ஃப்ரேம்வொர்க், பழைய கோடை அப்படியே கொண்டுபோக வழியில்லை. 1.0 என்று எழுதியிருந்தால் மட்டும் நிம்மதி இல்லை என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

உங்கள் நிலைமைக்கு மிக நெருக்கமானது ஸ்வெல்ட்கிட். 2022 டிசம்பரில் 1.0. ஆனால் அந்த ஆகஸ்டில், அதாவது நான்கே மாதம் முன்பு, ரௌட்டிங் (எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்பது) முறையையே மாற்றினார்கள், ஒவ்வொரு பக்கத்தின் ஃபைல் பெயரும் இடமும் மாறியது. மாற்றித் தர ஒரு ஸ்கிரிப்ட்டும் கொடுத்தார்கள், அது பாராட்ட வேண்டிய விஷயம், ஆனாலும் கையால் செய்ய வேண்டிய வேலை பாக்கி இருந்தது. ஜாங்கோ அட்மின் 1.0-க்கு ஏழு வாரம் முன்பு மாறியதும் இதேதான். வாக்குக் கொடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால்தான் பெரிய மாற்றங்கள் எல்லாம் அவசரமாக உள்ளே வரும், ஏனென்றால் அதற்குப் பிறகு வாய்ப்பில்லை. அதனால் சீக்கிரம் 1.0 வரப்போகிறது என்று உங்கள் லீட் சொல்வது தைரியம் கொடுக்கிற செய்தி இல்லை. வெர்ஷன் ஏறும்போது உடைவதற்கு அதிக வாய்ப்புள்ள சில மாதங்கள் இனிமேல்தான் வருகிறது என்று அர்த்தம்.

---

சேரன்மாதேவி:

இதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

வாஷிங்டன் போஸ்ட் உதாரணத்துக்கும் ஒரு வார்த்தை. அந்தத் தளத்தைக் கட்டியது ஏட்ரியன் ஹோலோவாட்டி, ஜாங்கோவைத் தொடங்கியவரே அப்போது அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தார். நாளை என்ன உடையப்போகிறது என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும், ஏனென்றால் உடைக்கிறவர்களில் அவரும் ஒருவர். உங்கள் டீமில் அந்த ஃப்ரேம்வொர்க்கின் கமிட்டர் (அதன் கோடை நேரடியாக மாற்ற உரிமை உள்ளவர்) யாராவது இருக்கிறாரா? இருந்தால் தாராளமாக இறங்குங்கள். இல்லையென்றால் அந்த ஒப்பீடு பொருந்தாது.

பதிப்பகம் என்கிறீர்கள். தளத்தைக் கொடுத்துவிட்டு நீங்கள் அடுத்த வேலைக்குப் போய்விடுவீர்கள், அவர்கள் அதையே வருடக்கணக்கில் ஓட்டுவார்கள், இடையில் கோட் தெரிந்த ஆள் யாரும் அங்கே இருக்க மாட்டார். அப்படிப்பட்ட இடத்துக்கு ஜாங்கோவின் எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) வெர்ஷன் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று வருடம் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும், அவர்களே புத்தகம் ஏற்றிக்கொள்ள அட்மினும் இருக்கிறது. புதியதைக் கற்றுக்கொள்ள ஆசை என்றால் டீமுக்குள்ளேயே பயன்படுத்துகிற ஏதாவது ஒரு சின்னக் கருவிக்கு எடுத்துப் பாருங்கள், அது உடைந்தால் நீங்களே இருக்கிறீர்கள் சரிசெய்ய.

லீட் அப்போதும் விடவில்லை என்றால் அந்த ஃப்ரேம்வொர்க்கின் கடைசி ஐந்தாறு வெளியீட்டுக் குறிப்புகளை எடுத்து அவரோடு உட்கார்ந்து படியுங்கள். எத்தனை இடத்தில் பழைய கோட் உடைந்திருக்கிறது, உடைத்தபோது மாற்றும் வழியை எழுதிக்கொடுத்தார்களா, பாதுகாப்புத் திருத்தம் பழைய வெர்ஷனுக்கும் வந்ததா என்று பாருங்கள். பெயரை இங்கே போட்டால் நானும் படித்துவிட்டுச் சொல்கிறேன்.